பல் டாக்டர் வீட்டு ஆர்கன்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சபையில் அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவள் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பெட்டியக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த சபைச் செயலருக்கும் அவள் அக்காதான். மற்ற நாட்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன ஃபிரேம்தான் எடுபடும் என்று சொல்லிவிடுவாள். ஆள் கடை முழுக்கப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் கழுத்தைத் திருப்பிவிட்டு, கடைசியில் அதையேதான் எடுப்பார். தன் பேச்சு தப்பாகிப் பழக்கமே இல்லாதவள். பின்னால் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அதுதான்.

சபையின் கீபோர்டு அந்த வருஷம் மண்டையைப் போட்டது. பாட்டின் நடுவில் திடீரென்று ஊமையாகும், தட்டினால் பேசும், மறுபடி ஊமையாகும். செயலர் பெயின்ட் கடை வைத்திருப்பவர், எதிலும் புதுசுதான் அவருக்குப் பிடிக்கும். மத்தளச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் வருகிற புதுக் கீபோர்டு ஒன்றைப் பார்த்தே வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வீட்டு ஆர்கன் விலைக்கு வருகிறது என்று பெட்டியக்காவின் காதில் விழுந்தது.

அது அவளுக்குத் தெரிந்த ஆர்கன். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். சின்ன வயதில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, அழ அழ அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்த டாக்டரின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் குறடை எடுத்தபோது பக்கத்து அறையிலிருந்து, சுவர் வழியாக, யாரோ பெட்டி வாசிக்கிற சத்தம் வந்தது. அறை நிறைய, தலை நிறைய, வாய் நிறைய அந்தச் சத்தம்தான் இருந்தது. பல் வந்ததே தெரியவில்லை. அன்றைக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது ஒரு குழந்தையின் காது, அதுவும் பயந்துபோய் வேறொன்றும் கேட்காத காது. அதை நம்பி ஐம்பது வயதில் ஒரு பொருள் வாங்கலாமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கணவர் கேட்டார். அவரை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பேருமாக டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். முன்பக்கத்து மருத்துவ அறை மூடிக் கிடந்தது. நாற்காலிமேல் பழைய போர்வை. அடுத்த அறையில் துணி அலமாரி அளவுக்கு நின்றது ஆர்கன். மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள் வரிசையாக, உள்ளே மரக் குழாய்கள், கீழே துருத்தியும் அதற்குக் காற்றடிக்கிற சின்ன மோட்டாரும். டாக்டர் வயதானவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், வாழ்நாள் முழுக்க வாய் திறந்து கிடக்கிறவர்களிடமே பேசியதால் பதிலை எதிர்பார்க்காமல் பேசிப் பழகியவர்.

“தங்கச்சிக்காகச் செய்யச் சொன்னது. செஞ்சவன் வருஷக்கணக்கா இங்கயே கிடந்தான். ஒவ்வொரு குழாயா எடுத்து ஊதி ஊதிக் காட்டுவான். இவ இன்னும் மெல்ல, இன்னும் மெல்லன்னுவா. அவனுக்குக் கோவம் வந்து, அப்ப நீங்க வாயால முணுமுணுத்துக்க வேண்டியதுதானேன்னு ஒருநாள் கத்திட்டான். ஆனா செஞ்சு குடுத்தான். பக்கத்து ரூம்ல ஒருத்தர் பயந்து உக்காந்திருக்கார், அவருக்கு ஆறுதலா இருக்கணும், அதட்டக் கூடாது. அதான் அவ கணக்கு. அவ பேசினாலும் அப்படித்தான் இருக்கும். கிட்டப் போனாத்தான் கேக்கும்.”

தங்கை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டைக் கொடுத்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில், அக்கா மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு டாக்டர் போகிறார். அங்கே இந்தப் பெட்டியை வைத்தால் அவர் படிக்கட்டில் படுக்க வேண்டியதுதான்.

“அவங்க வாசிச்சத ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா டாக்டர்?” என்று கேட்டாள்.

“தினம் கேக்கறத யாரும்மா ரெக்கார்டு பண்ணி வைப்பா?” என்றார்.

சின்ன வயதில் பல் பிடுங்க வந்து சுவர் வழியாகக் கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டு, பெட்டியக்கா உட்கார்ந்து வாசித்தாள். திரைச்சீலைகளும் சோபாவும் புத்தக அலமாரியும் அடைத்துக்கொண்டிருந்த அந்த அறையில் குரல் மெத்தென்று எழுந்தது. மூச்சு தெரிகிற குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். வாசல்படியிலேயே நின்று கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப மெல்லமா இருக்கே. நம்ம சபை உசரத்துக்கு இது தாங்குமா?”

“வேன் சத்தத்துல உங்க காது மந்தமாயிடுச்சு. பெரிய இடத்துல வச்சா பெருசாக் கேக்கும்” என்று சொல்லிவிட்டாள். எதை வைத்துச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

விலை பேசுவதற்கு டாக்டர் இடமே வைக்கவில்லை. கேட்டது சொற்பம். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்.

“இதோட குரல மட்டும் மாத்திடாதீங்க. உங்க இடத்துக்கு ஒத்து வரலைன்னா கூச்சப்படாம எங்கிட்ட சொல்லிடும்மா. நான் திருப்பி எடுத்துக்கறேன். வீட்டுல வச்சு வாசிக்கற யாராவது கிடைப்பாங்க. அவ குரல்னு எங்கிட்ட இப்ப இருக்கறது இது ஒண்ணுதான்.”

“மாத்த மாட்டோம் டாக்டர். நான் சொல்றேன்ல” என்றாள் பெட்டியக்கா. மனதாரத்தான் சொன்னாள். அதில் பொய் இல்லை.

சபைக் குழுவில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். செயலர் புதுசுக்கு வாரண்டி இருக்கிறது, பழசுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். “இத்தன வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு கேக்கறேன். நான் பொறுப்பு” என்றாள். போதகர் நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது, உடனே தலையாட்டிவிட்டார். செயலர் முகத்தை மட்டும் பெயின்ட் டப்பா மூடி மாதிரி இறுக்கி வைத்துக்கொண்டார்.

பிரித்துக் கட்டுவதற்கு ஆர்கன் பழுது பார்க்கிற ஒருவர் வந்தார். குழாய்க்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். வாய் ஓயாமல் சிரித்துப் பேசுகிற ஆள், வேலையும் சுறுசுறுப்பு. குழாய்களுக்கு எண் போட்டு ஒவ்வொன்றாக இறக்கினார். விரல் நீளம்கூட இல்லாத குட்டிக் குழாய்களை டாக்டரே வாங்கி, மருத்துவ அறையில் மிச்சமிருந்த பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். கணவரின் வேனில் எல்லாம் ஏறியது. வேன் தெருமுனை திரும்பும்வரை டாக்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

சபையில் வாத்தியம் எல்லாம் பின்பக்கத்து மாடத்தில்தான். குறுகலான மரப்படி ஏறிப் போக வேண்டும். கீழே பெஞ்சில் இருப்பவர்களுக்கு மேலே வாசிக்கிற ஆள் தெரியாது, பெட்டியும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். ஆர்கனை அங்கே மாட்டினார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்த பெட்டியக்காவுக்கு அது காதுக்கு இதமாகக் கேட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கணவர் கீழே முன்வரிசையில் நின்று கேட்டார்.

“கேக்குது…” என்று இழுத்தார்.

“நாளைக்கு ஆள் நிறைஞ்சா சரியாயிடும்” என்றாள்.

ஆள் நிறைந்தால் சத்தம் இன்னும் அடங்கித்தான் போகும். வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் புது ஆர்கனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, ஜெபித்து, அண்ணாந்து மாடத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார், ஆரம்பிக்கலாம் என்று. பெட்டியக்கா அப்போது முன்னிசையில் பாதியைத் தாண்டியிருந்தாள். கீழே ஜனங்கள் இன்னும் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தத்தில் பெட்டி வாசிப்பதே தெரியவில்லை. பாட்டு தொடங்கியதும் கூத்து இன்னும் முற்றியது. பின்பெஞ்சு அவளோடு பாடியது, முன்பெஞ்சு தன் இஷ்டத்துக்குப் பாடியது, கடைசிச் சரணத்தை இரண்டு கட்சியும் வெவ்வேறு நேரத்தில் முடித்தன. முடிந்ததும் செயலர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “ஸ்விட்ச் போட்டீங்களா பெட்டியக்கா?”

அந்தக் கேள்விக்கு அவள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம்.

அடுத்த வாரம் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னாள். வியர்த்துப்போன ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, பாடுவதை விட்டுவிட்டு முனகினார்கள். அதற்கடுத்த வாரம் மைக் வைத்துப் பார்த்தார்கள். பெட்டியைவிட மோட்டார் நன்றாகப் பாடியது. சின்னப் பிள்ளைகள் அந்த உர்ர் சத்தத்தைப் பின்பாட்டாகப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

குழுக் கூட்டத்தில் செயலர் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். “அவரு திருப்பி எடுத்துக்குவாரான்னு கேட்டுப் பாக்கலாமா?” என்று தணிந்த குரலில்தான் கேட்டார்.

எடுத்துக்கொள்வார். அவரே சொன்னார், கூச்சப்படாமல் சொல் என்று. தொண்டைவரை வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் அதைச் சொன்னால், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னதாகிவிடும். நான் பொறுப்பு என்று சொன்ன அதே மேஜையில், அதே ஆட்கள் முன்னால். மென்று விழுங்கினாள்.

“எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? கொஞ்சம் சரி பண்ணணும், அவ்வளவுதான். குழாய்க்காரரக் கூப்பிடறேன்.”

குழாய்க்காரர் வந்து, கீழே நாலு மூலையிலும் நின்று கேட்டுவிட்டு மேலே வந்தார்.

“இது வீட்டுக்குன்னு வச்ச குரல்க்கா. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வீட்டுல வச்சுக்கற யாருக்காவது குடுத்துடுங்க. ரொம்ப அருமையான பெட்டி, கண்ணுல ஒத்திட்டு வாங்கிப்பாங்க. இன்னொண்ணு, குரல ஏத்தணும். துருத்திமேல பாரம் வச்சுக் காத்தக் கூட்டணும். கூட்டினா குழாயில சத்தம் வர்ற இந்தச் சின்ன வாய் தாங்காது, கீச்சுன்னு கத்தும். அதனால ஒவ்வொரு குழாய்க்கும் மேலுதட்டக் கொஞ்சம் அறுத்து வாயப் பெருசாக்கணும். அடியில காத்து போற ஓட்டையையும் பெருசாக்கணும்.”

“வேணும்னா பின்னாடி பழையபடி ஆக்கிக்கலாமா?”

“அறுத்துட்டு எப்படிக்கா? அறுத்தா அறுத்ததுதான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு” என்றார்.

“கேட்டா வேண்டாம்பார்.”

“அப்ப வேண்டாம்.”

“உங்களுக்கென்ன, வேன எடுத்துட்டுப் போயிடுவீங்க. அந்த மூஞ்சிங்கள எல்லாம் வாரா வாரம் பாக்கறவ நான். அவர் என்ன ஆராதனைக்கெல்லாம் வர்ற ஆளா? எங்க வந்து கேக்கப் போறார்?”

“அவர் வந்து கேப்பாரா மாட்டாராங்கறதா விஷயம்?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கணவர் அதிகம் பேசாதவர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு அவர்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது, நியாயமே இல்லாமல்.

முதலில் ஒரே ஒரு குழாயைச் செய்து காட்டச் சொன்னாள். குழாய்க்காரர் நடுவிலிருந்து ஒன்றை உருவி, சன்னமான கத்தியை உதட்டில் வைத்து இழுத்தார். நகத்துண்டு அளவுக்கு ஈயச் சீவல் ஒன்று கீழே விழுந்தது. அடி ஓட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தினார். திரும்பப் பொருத்தினார்.

அவள் அந்தக் கட்டையை அழுத்தினாள். சத்தம் புறப்பட்டுப் போய் எதிர்ச் சுவரைத் தொட்டது. கீழே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். பிற்பாடு அவளை ரொம்ப உறுத்தியது இதுதான். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை, சந்தோஷம் மட்டுமே இருந்தது.

பக்கத்துக் கட்டையை அழுத்தினாள். அறுக்காத குழாய். அது பழையபடி, காதோடு சொல்கிற மாதிரி, அவளுக்கு மட்டும் சொன்னது. மாற்றி மாற்றி இரண்டையும் அழுத்திப் பார்த்தாள். குழாய்க்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்போதுகூட நிறுத்தலாம். ஒரு குழாய்தான் போயிருக்கிறது, அது ஒன்றை மட்டும் புதிதாகச் செய்து வைத்துவிடலாம்.

“எல்லாத்தையும் பண்ணிடுங்க தம்பி” என்றாள். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வந்த ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் பொருத்தி, திட்டு வாங்கினாள்.

வேலை முடிந்த ஞாயிறு, சபை கிடுகிடுத்தது. போதகர் கையைக் காட்டுவதற்குள் ஜனங்கள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். முன்பெஞ்சும் பின்பெஞ்சும் ஒரே மூச்சில் பாடின. செயலர் எல்லார் முன்னாலும், “நான் வேண்டாம்னு சொன்னேன். பெட்டியக்கா சொன்னதுதான் சரி” என்றார். தப்பை ஒத்துக்கொள்வது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பெட்டியக்கா நினைத்துக்கொண்டாள். பாராட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள். டாக்டரின் பழைய வீட்டுத் தெரு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் போன் வந்தது.

“வீடு மாத்தி, சாமான் அடுக்கி, இப்பத்தாம்மா மூச்சு விட நேரம் கிடைச்சுது. இந்த ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருக்கேன். அக்கா பையன் கூட்டிட்டு வரேன்னான். எனக்குப் பாட்டும் தெரியாது, ஜெபமும் தெரியாது. சும்மா பின்னாடி உக்காந்து கேட்டுட்டுப் போயிடறேன். அவ குரலக் கேட்டு மாசக்கணக்காச்சு.”

“வாங்க டாக்டர்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. போனை எடுத்தாள், வைத்தாள். சொல்ல வேண்டியதை அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது சபை ஜனங்களையும் மின்விசிறிகளையும் குறை சொல்வதாகவே முடிந்தது. குழாய்க்காரரைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்கு மட்டும் துருத்திப் பாரத்தை எடுத்துவிட்டால் பழைய குரல் வருமா என்று கேட்டாள். “வராதுக்கா. வாய் பெருசு, காத்து கம்மின்னு ஆயிடும். ஆஸ்துமாக்காரன் பேசற மாதிரி இருக்கும்” என்றார்.

டாக்டர் வந்தார். தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் வலியில் மாடத்துப் படி ஏற முடியாது என்று நேரே கடைசிப் பெஞ்சில், மாடத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியக்கா இருக்கிறதிலேயே மெல்லிய குழாய் வரிசையைத் திறக்கிற குமிழை மட்டும் இழுத்துவிட்டு, அவர் தங்கை தினமும் கடைசியாக வாசிப்பாள் என்று அவர் சொல்லியிருந்த பாட்டை முன்னிசையாக வாசித்தாள். எவ்வளவு பூப்போலத் தொட்டும், கட்டை இறங்கியதும் குழாய் உரக்கத்தான் பேசியது.

ஆராதனை முடிந்தும் அவள் இறங்கவில்லை. பாட்டுத் தாள்களை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கடைசியில் இறங்கியபோது டாக்டர் பெஞ்சு ஓரத்தில் சிரித்த முகமாக நின்றிருந்தார்.

“தங்கச்சியோட பாட்ட வாசிச்சியே. எனக்காகத்தான?”

“ஆமா டாக்டர்.”

“நல்ல பெட்டிம்மா இது. கணீர்னு இருக்கு. இவ்வளவு பெரிய எடத்துக்கு இதான் சரி. நம்ம வீட்டுது இங்க பத்தாதேன்னு எனக்குள்ள ஒரு பயம் இருந்துட்டே இருந்துச்சு, உங்கிட்ட சொல்லல. நீ சமத்து, வேற ஒண்ணு பாத்து வாங்கிட்ட. நம்மளத எங்க வச்சிருக்கீங்க? பிள்ளைங்க பாட்டுக் கத்துக்கற ரூமுலயா? ஒரு அஞ்சு நிமிஷம் அங்க உக்காந்துட்டுப் போயிடறேன்.”

பொய் சொல்ல ஒரு நொடி வழி தேடினாள். பழுதுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லலாம். அடுத்த மாதம் வரும் என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

“டாக்டர், அது இதுதான்.”

“எது?”

“மேல இருக்கறது. உங்க வீட்டுதுதான். நாங்க வேற எதுவும் வாங்கல.”

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். மேலே மாடத்தின் அடிப்பலகைகள்தான் தெரிந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்ப நான் மறந்துட்டேன்” என்றார்.

இல்லை டாக்டர், நாங்கள் அறுத்துவிட்டோம். நான்தான் அறுக்கச் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார்.

“அந்த ஃபிளாட்டுல தனியா இருக்கறப்ப நெனச்சு நெனச்சுப் பாப்பேன், அது எப்படி இருக்கும்னு. சரியாவே வராது. ஒரு தடவ கேட்டா வந்துடும்னுதான் வந்தேன். வந்து முழுசாக் கேட்டும் எனக்கு அடையாளம் தெரியல பாரு. வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. கூடப் பொறந்தவ குரலும்மா. ஒரு வருஷத்துல மறந்து தொலச்சிருக்கேன்.”

“டாக்டர், அது வந்து…” என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செயலர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். “டாக்டர், உங்க பெட்டி எங்க சபைக்கே பெருமை. பெட்டியக்கா ஒத்தக் கால்ல நின்னு வாங்கினாங்க. மொதல்ல கொஞ்ச நாள் சத்தமே கேக்கல, அப்புறம் குழாய்க்காரர் வந்து…”

“டாக்டருக்குத் தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க” என்று பெட்டியக்கா குறுக்கே விழுந்தாள். “பாருங்க, எப்படி வேர்த்திருக்கு. சீக்கிரம்.”

செயலர் பதறிப்போய்த் தண்ணீருக்கு ஓடினார். சொல்ல வந்ததை அவர் திரும்ப எடுக்கவில்லை. அவளாகச் சொல்லத் துணிவில்லாமல் இருந்தது ஒன்று. இன்னொருவர் சொல்ல வந்ததையும் வாயைப் பொத்தி அனுப்பிவிட்டாள். தனக்குள் அப்படியொரு ஆள் இருக்கிறாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அக்கா மகன் காரை வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார். டாக்டர் எழுந்து, அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“உன்மேல தப்பில்லம்மா. சொன்ன சொல்லக் காப்பாத்தி அப்படியே வச்சிருக்க. எனக்குத்தான் புத்தி மழுங்கிடுச்சு. அடுத்த வாரமும் வரேன். கேட்டுக்கிட்டே இருந்தா ஞாபகம் வந்துடும்.”

வந்தார். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். அக்கா மகனுக்கு வேலை இருந்தால் இரண்டு பஸ் மாறி வந்தார். அதே கடைசிப் பெஞ்சு. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி கேட்பார். ஆராதனைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் வாரம் தவறாமல் வருகிறார் என்று போதகருக்கு வாயெல்லாம் பல். பெட்டியக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று படுப்பாள். கணவரிடம்கூட டாக்டர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை. மாடத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது, காலுக்குக் கீழே பலகைக்கு அடியில் ஒரு மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டுமே அவள் நினைப்பில் இருந்தது. வாசிப்பது அவளுக்குப் பிடிக்காமல் போனது. இருபது வருஷத்தில் அதுவே முதல் தடவை.

ஒரு ஞாயிறு, எல்லாரும் கலைந்த பிறகு, அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. அவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

“வந்துடுச்சும்மா” என்றார். “இன்னிக்கு நீ கட்டையத் தொட்ட உடனே அப்படியே அவ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு. இப்ப வீட்டுல தனியா இருந்தாலும் காதுல வருது. இப்படித்தான் இருந்துச்சு, இல்ல? கணீர்னு, தெருவரைக்கும் கேக்கும். நான்தான் எதையோ நெனச்சுக் குழம்பிட்டேன். நீயும் சின்னப் பிள்ளையில கேட்டிருக்கியே, சொல்லு. இப்படித்தான இருந்துச்சு?”

உண்மையைச் சொன்னால் இந்தக் குரலும் அவருக்கு இல்லாமல் போகும், பழையதும் வரப்போவதில்லை. இதற்குமேல் சொல்லவே முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் சொல்ல முடிந்திருக்கும் என்பதும் தெரிந்தது.

“ஆமா டாக்டர்” என்றாள் பெட்டியக்கா. “இப்படியேதான் இருந்துச்சு.”